தருமபுரி, கிருஷ்ணகிரியில் புத்தகம் வாங்குகிறவர்கள் எங்கே ஏமாறுகிறார்கள்

தருமபுரி பேருந்து நிலையத்தைச் சுற்றியும் கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கமும் இருக்கும் புத்தகக் கடைகளில் பள்ளிக் கைடுகளும் போட்டித் தேர்வு நூல்களும்தான் பெரும்பகுதி. இலக்கியமோ வரலாறோ வேளாண்மையோ வேண்டுமென்றால் தருமபுரி, ஓசூர் புத்தகத் திருவிழாக்களுக்குக் காத்திருக்க வேண்டும். இல்லையென்றால் சென்னையிலிருந்து கூரியரில் வரவழைக்க வேண்டும். திருவிழா முடிந்த மறுநாள் அரங்குக்காரர் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். பக்கம் குறைகிறது, எழுத்து தெரியவில்லை என்று மாற்றிக் கேட்க ஆள் இருக்காது. ஆகவே இந்த இரண்டு மாவட்டங்களில் புத்தகம் வாங்குகிறவர் சென்னைவாசியைவிடக் கூடுதலாகப் புரட்டிப் பார்த்தே வாங்க வேண்டியிருக்கிறது.

இங்கே ஒரு தனிப் புத்தகத்தை மதிப்பிடவில்லை. நம் கைக்கு வருகிற தமிழ்ப் புத்தகங்களை, காசு கொடுத்து வாங்கும் பொருள் என்ற முறையில் எடுத்துப் பார்க்கிறேன். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: தாளும் அட்டையும் முன்பைவிட நன்றாகிவிட்டன, பதிப்பு வேலை கெட்டுவிட்டது. வாசகர்கள் அதிகம் குறைபட்டுக்கொள்வது பைண்டிங்கைப் பற்றி. ஆனால் பைண்டிங் போனால் வீட்டிலேயே சரிசெய்துகொள்ளலாம். மெய்ப்பு (புரூஃப்) பார்க்காத புத்தகத்தை வாங்கியவர் ஒன்றும் செய்ய முடியாது.

பைண்டிங்கிலிருந்தே தொடங்குகிறேன், அதுதான் கண்ணில் முதலில் படுவது. இப்போது வரும் தமிழ்ப் புத்தகங்களில் பெரும்பாலானவை ஒட்டு பைண்டிங், அதாவது பெர்ஃபெக்ட் பைண்டிங். மடித்த பாரங்களை, அதாவது ஒரே பெரிய தாளில் அச்சிட்டு மடித்த பக்கக் கட்டுகளை அடுக்கி, முதுகை இயந்திரத்தில் சீவி, சொரசொரப்பாக்கி, சூடான பசையைத் தடவி அட்டையை அழுத்துவார்கள். முதுகைப் போதுமான ஆழத்துக்குச் சீவாவிட்டால் பாரத்தின் உள்மடிப்பில் இருக்கும் தாள்களுக்குப் பசை எட்டாது. அதனால்தான் சில புத்தகங்களில் முன்னும் பின்னும் உறுதியாக இருக்க, நடுவில் நாலு தாள் மட்டும் கையோடு வந்துவிடுகிறது. வழவழப்பான ஆர்ட் பேப்பரில் பசை ஊறாது. ஆகவே ஒட்டு போட்ட வண்ணப் படப் புத்தகங்கள் சீக்கிரம் கழன்றுபோகின்றன. தாளின் இழையோட்டம் முதுகுக்கு இணையாக இல்லாமல் குறுக்கே போனால், புத்தகம் விரிந்து நிற்காது. மழைக்காலத்தில் ஓரம் அலை அலையாக நெளியும். சித்திரை வெயிலில் நிறுத்திவைத்த வண்டிக்குள் கிடந்தால் பசை இளகும்; பழசாகிக் காய்ந்தால் அதுவே வெடிக்கும்.

தையல் பைண்டிங்கை அடையாளம் காண்பது எளிது. புத்தகத்தை நிமிர்த்தி, முதுகின் மேல் ஓரத்தைப் பாருங்கள். சின்னச் சின்ன மடிப்புகள் கட்டுக் கட்டாகத் தெரிந்தால் பாரம் மடிப்போடு இருக்கிறது. ஒரு கட்டின் நடுப்பக்கத்தைத் திறந்தால் நூல் தெரியும். மடிப்பே இல்லாமல் வெட்டிய தாள் அடுக்காகத் தெரிந்தால் ஒட்டு மட்டும்தான். இருநூறு பக்கத்துக்கு ஒட்டு போதும். நானூறு பக்கத்துக்கு மேற்பட்ட நாவலையோ அகராதியையோ தையல் இல்லாமல் விற்பது வாங்குகிறவருக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன். அகராதி தினமும் திறக்கப்படும் பொருள்.

பக்கம் விடுபடுவதற்கும் ஒரு கணக்கு உண்டு. வழக்கமாக ஒரு பாரம் 16 பக்கம். அடுக்கும்போது ஒரு பாரம் விட்டுப்போனால் 16 பக்கம் மொத்தமாகக் காணாமல் போகும். ஒன்று இரட்டித்தால் அதே 16 பக்கம் மறுபடி வரும். எண் 1-இலிருந்து தொடங்கும் புத்தகத்தில் எட்டாவது பாரம் 113 முதல் 128 வரை. ஆகவே எல்லாப் பக்கத்தையும் எண்ண வேண்டியதில்லை. 16, 32, 48, 64 என்று அந்தந்த இடத்தில் அடுத்த எண் வருகிறதா என்று பார்த்தால் போதும். முன்னுரைப் பக்கங்களைத் தனியாக எண்ணியிருந்தால் இந்த இடங்கள் சில பக்கம் தள்ளிப்போகும், இடைவெளி மாறாது. 300 பக்கப் புத்தகத்துக்கு இரண்டு நிமிடம் ஆகும். அரங்கிலேயே பார்த்துவிடுங்கள். கடைக்காரரும் கோபித்துக்கொள்ள மாட்டார். அவருக்கும் பதிப்பகத்துக்குத் திருப்பி அனுப்பும் வழி உண்டு.

கழன்ற புத்தகத்தைச் சரிசெய்ய: செல்லோ டேப் ஒட்டாதீர்கள். சில ஆண்டுகளில் அது மஞ்சளாகி, பசை கசிந்து பக்கத்துத் தாளையும் கெடுக்கும். பக்கவாட்டில் துளைபோட்டுத் தைப்பதும் எல்லாப் புத்தகத்துக்கும் ஆகாது. அது உள் ஓரத்தில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டரைத் தின்றுவிடும், பிறகு வரியின் கடைசி எழுத்து மடிப்புக்குள் போய்விடும். நல்ல வழி இது. பழைய பசையைச் சுரண்டி எடுங்கள். தாள்களைத் தட்டி ஒழுங்காக்கி, முதுகு மட்டும் வெளியே தெரியும்படி இரண்டு பலகைக்கு நடுவே இறுக்குங்கள். தாள்களை ஒரு பக்கமாக விசிறிபோல் சாய்த்து ஃபெவிகாலை மெல்லிசாகத் தடவி, மறுபக்கம் சாய்த்து இன்னொரு முறை தடவுங்கள். இப்படிச் செய்தால் ஒவ்வொரு தாளின் விளிம்பிலும் இரண்டு பக்கமும் இழையளவு பசை ஏறும். தடித்த புத்தகமானால் பசை தடவும் முன் முதுகில் ஐந்து இடத்தில் 2, 3 மில்லிமீட்டர் ஆழத்துக்கு ரம்பத்தால் கீறி, பருத்தி நூலைப் பதியுங்கள். கனத்தை ஏற்றி ஒரு இரவு காயவிட்டு, அட்டையை ஒட்டுங்கள். ஆலை ஒட்டைவிட இது நீடிக்கும்.

தாளைப் பற்றி ஒரு தவறான எண்ணம் நம்மிடம் இருக்கிறது. வெள்ளையாக இருந்தால் உயர்ந்தது, லேசான மஞ்சளாக இருந்தால் மட்டம் என்று பலர் ஒதுக்குகிறார்கள். இளமஞ்சள் புத்தகத் தாள் கண்ணுக்கு இதம். வேண்டுமென்றே அந்த நிறத்தில் செய்கிறார்கள். பார்க்க வேண்டியது கனம். 70 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 70 கிராம்) மேப்லித்தோ அச்சுத் தாள் என்றால் மறுபக்க எழுத்து அதிகம் தெரியாது. 60-க்குக் கீழே போனால் வரிக்கு நடுவே பின்பக்க வரி நிழலாடும். மலிவு கைடுகளின் நியூஸ்பிரிண்ட் வகைத் தாளில் மரத்தின் இழைகளைப் பிணைக்கும் லிக்னின் என்ற பொருள் மிச்சமிருப்பதால் வெளிச்சம் பட்டால் பழுப்பாகி ஒடியும். தேர்வு முடியும்வரை உழைத்தால் போதும் என்கிற நூலுக்கு அது பரவாயில்லை. ஊர் வரலாற்றை அந்தத் தாளில் அச்சிடுவதை ஏற்கவே முடியாது.

விலையைப் பக்க எண்ணால் வகுத்துப் பார்ப்பது பலரும் செய்வது. அது பாதிக் கணக்கு. பக்கத்துக்கு 26 வரி, வரிக்கு 7 சொல் என்றால் 182 சொல். 20 வரி, வரிக்கு 6 சொல் என்றால் 120 சொல். இரண்டுமே 200 பக்கம், 250 ரூபாய் என்றால், முதலாவதில் சுமார் 36,000 சொல் கிடைக்கிறது, இரண்டாவதில் 24,000. தடித்த தாள், பெரிய எழுத்து, அத்தியாயத்துக்கு அத்தியாயம் வெற்றுப் பக்கம் என்று ஊதிப் பெருக்கிய புத்தகங்கள் இப்படித்தான் பிடிபடும். மறுகோடியும் உண்டு: 9 பாயின்ட் எழுத்தில் வரிகளை நெருக்கி அடித்த மலிவுப் பதிப்புகள். தமிழில் மேலே ‘கீ’யின் சுழியும் கீழே ‘கூ’வின் வாலும் இருப்பதால் வரி இடைவெளி குறைந்தால் இரண்டும் மோதும். 11 பாயின்ட் எழுத்துக்கு 15 பாயின்ட் வரி இடைவெளி இருந்தால்தான் அறுபது வயதுக்காரர் அசதியில்லாமல் படிக்க முடியும். உள் ஓரம் 18 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது.

இனி முக்கியமான இடம்: எழுத்துப் பிழை. தமிழ்ப் புத்தகங்களில் இப்போது வரும் பிழைகள் பழைய அச்சுக்கோப்புப் பிழைகள் அல்ல. அவை வருகிற வழிகள் வேறு. முதல் வழி, பழைய எழுத்துரு. பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு குறியீட்டில் தட்டச்சு செய்த கோப்பை யூனிகோடுக்கு மாற்றும்போது ‘கொ’ பிரிந்து கொம்பு ஓரிடத்திலும் கால் வேறிடத்திலும் நிற்கும். ‘க்ஷ’, ‘ஸ்ரீ’ இருந்த இடத்தில் கட்டம் விழும். இரண்டாவது வழி, பழைய புத்தகத்தை ஸ்கேன் செய்து மென்பொருளால் எழுத்தாக்குவது. 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. அதற்கு முந்தைய அச்சில் ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய 13 எழுத்துகள் வேறு வடிவில் இருந்தன. மென்பொருள் அவற்றைத் தப்பாகப் படிக்கிறது. ஆகவே பழைய நாவலின் மறுபதிப்பை வாங்கும்போது ‘லை’, ‘னை’, ‘றா’ வருகிற சொற்களைத் தேடிப் பாருங்கள். ஒரே பக்கத்தில் இரண்டு தப்பினால், ஸ்கேன் செய்ததை யாரும் மூலத்தோடு ஒப்பிடவில்லை என்று பொருள். முதல் பக்கத்தைப் பார்க்காதீர்கள். அதைப் பதிப்பகத்தார் பார்த்திருப்பார்கள். நடுவிலும் கடைசி முப்பது பக்கத்திலும் பாருங்கள்.

நம் ஊருக்கென்றே ஒரு சோதனை உண்டு. தகடூரை (இன்றைய தருமபுரி) ஆண்ட அதியமானைப் பற்றிய எந்த நூலிலும் ஔவையார் பெயர் வரும். பல புத்தகங்களில் அது ‘ஔ’ என்ற ஒரே எழுத்தாக இல்லாமல் ‘ஒ’வும் ‘ள’வுமாகத் தட்டச்சாகியிருக்கிறது. தாளில் கண்ணுக்குத் தப்பிவிடும். மின்னூலில் ‘ஔவை’ என்று தேடினால் ஒன்றுகூடக் கிடைக்காது. மின்னூலை வாங்கும் முன் மாதிரிப் பக்கத்தில் இதைத் தேடிப் பாருங்கள்.

அதே அதியமானை வைத்து இன்னொரு குறையைச் சொல்ல வேண்டும், இதுதான் என் மனத்தை அதிகம் வருத்துவது. புறநானூற்றில் ஔவையார் அதியமானைப் பாடியவை ஒரே இடத்தில் இல்லை. 87-இலிருந்து ஒரு தொகுதி வருகிறது. நெல்லிக்கனிப் பாட்டு 91. தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைச் சொல்வது 95. அதியமான் இறந்தபின் பாடிய கையறுநிலைப் பாட்டு 235-இல் இருக்கிறது. தகடூர்க்காரப் பிள்ளை ஒருவர் உரைநூலை வாங்கி இவற்றைத் தேடினால், பின்னால் பாட்டு முதற்குறிப்பும் புலவர் பெயரும் பாடப்பட்டோர் பெயரும் அகரவரிசையில் இருக்க வேண்டும். பல மலிவுப் பதிப்புகளில் இந்த மூன்றும் இல்லை. 16 பக்கம், அதாவது ஒரே ஒரு பாரம் மிச்சம் பிடித்ததற்காக 400 பாட்டு உள்ள நூலைத் தேட முடியாததாக ஆக்கிவிடுகிறார்கள். உரை யாருடையது என்று உள்பக்கத்தில் தெளிவாகச் சொல்லாத பதிப்புகளும் இருக்கின்றன. 267, 268 இரண்டும் கிடைக்கவில்லை என்ற குறிப்பும் இல்லாமல் 266-க்குப் பின் 269 என்று அச்சிட்டிருந்தால், பதிப்பாசிரியர் என்று ஒருவர் அங்கே இல்லை என்று அறிந்துகொள்ளலாம்.

ஊர் வரலாற்று நூல்களில் படங்கள்தான் ஏமாற்றம். நடுகல்லின் மேல் உள்ள வட்டெழுத்து பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் தெரியும். உச்சி வெயிலில் கைப்பேசியில் எடுத்து, வாட்ஸ்அப்பில் அனுப்பி, சுருங்கிப்போன படத்தை அப்படியே அச்சுக்குக் கொடுத்தால் கருப்புத் திட்டுதான் விழும். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். 1,200 புள்ளி அகலமுள்ள படத்தை 4 அங்குலத்துக்கு மேல் பெரிதாக்கக் கூடாது. தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்களை நேரில் பார்த்தவர்கள் இந்தப் படங்களைப் பார்த்தால் வித்தியாசம் விளங்கும். கல் எந்த ஊரில், யார் நிலத்தில், எந்தத் திசையில், என்ன உயரத்தில், இப்போது எங்கே இருக்கிறது என்று இல்லாத நூலால் அடுத்து ஆய்வு செய்ய வருகிறவருக்குப் பயனில்லை. உழைத்துக் களத்துக்குப் போன ஆசிரியரின் பாடு அச்சகத்தில் வீணாவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

போட்டித் தேர்வு கைடுகளில் ஏமாற்று வேறு வகை: உள்ளே பழைய சரக்கு, வெளியே புது ஆண்டு போட்ட அட்டை. இதைக் கண்டுபிடிக்க நம் மாவட்டத் தகவல்களே போதும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தருமபுரியின் எழுத்தறிவு 64.71 சதவிகிதம் என்று இருந்தால் அது தற்காலிகப் புள்ளிவிவரம். இறுதி எண் 68.54. மாநிலத்துக்கு 80.33 தற்காலிகம், 80.09 இறுதி. ஓசூரை இன்னும் நகராட்சி என்று எழுதியிருந்தால் 2019-க்கு முந்தைய பக்கம். மாவட்டங்கள் 38 என்று இல்லாவிட்டால் 2020-க்கு முந்தையது. தமிழகத்தில் இரும்பின் பழமை என்ற பகுதியில் கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையின் கி.மு. 2172 இல்லாவிட்டால் 2022 மே மாதத்துக்கு முன் எழுதியது. அந்த எண்ணோடு நின்றுவிட்டால், அதைவிடப் பழமையான சிவகளை (தூத்துக்குடி மாவட்டம்) இரும்பின் காலக்கணிப்பை அரசு அறிவித்த 2025 ஜனவரிக்கு முன் எழுதியது. இந்த ஐந்தையும் கடையில் நின்றே பார்த்துவிடலாம். பாடநூல்களை அரசே இணையத்தில் இலவசமாகத் தருகிறது. அவற்றை அப்படியே நகலெடுத்து 600 ரூபாய் போட்டிருக்கும் கைடை வாங்குவதில் பொருளில்லை. விடைக்கு விளக்கம் தருகிற, விடை எந்த வகுப்புப் பாடத்தில் இருக்கிறது என்று சொல்கிற கைடுக்குக் கொடுக்கலாம்.

வேளாண்மை நூல்களில் பிழை நேரே பணத்தில் கைவைக்கும். கிருஷ்ணகிரியில் மா வளர்ப்பவர் 10 மீட்டருக்கு 10 மீட்டர் இடைவெளி விட்டால் ஹெக்டேருக்கு 100 கன்று, ஏக்கருக்கு 40. நூலில் ‘ஏக்கருக்கு 100’ என்று இருந்தால், எழுதியவர் ஹெக்டேர் அளவை ஏக்கர் ஆக்கிவிட்டார் என்று பொருள். அந்த நூலின் உர அளவுகளையும் நம்பக் கூடாது. இரண்டரை மடங்கு போய்விடும். தத்துப்பூச்சிக்கு எண்டோசல்ஃபான் தெளிக்கச் சொன்னால் உடனே மூடி வைத்துவிடுங்கள். அதை உச்ச நீதிமன்றம் 2011-லேயே தடுத்துவிட்டது. மறுபதிப்பு 2023 என்று போட்டிருந்தாலும் உள்ளே இருப்பது அதற்கு முந்தைய அறிவுரை.

நாட்டுடைமையான நூல்களை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்பதால் திருவிழாவில் ஒரே நாவல் ஏழெட்டு அரங்கில் ஏழெட்டு விலையில் கிடைக்கும். எல்லாரும் கேட்கும் ‘பொன்னியின் செல்வ’னையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து பாகங்களிலும் முறையே 57, 53, 46, 46, 91 என மொத்தம் 293 அத்தியாயங்கள். பொருளடக்கத்தில் இந்த எண் வரவில்லை என்றால் அது சுருக்கம். சுருக்கம் விற்பது குற்றமில்லை, அட்டையில் அப்படிச் சொல்லாமல் விற்பதுதான் தவறு. மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்ப்பாளர் பெயரும் மூலநூலின் பெயரும் உள்பக்கத்தில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இரண்டும் இல்லாத புத்தகத்தை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

அஞ்சலில் வாங்குகிறவர்களுக்கு. மலிவாக இருந்த பதிவுப் புத்தக அஞ்சலை 2024 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள். 2025 செப்டம்பர் 1 முதல் பதிவு அஞ்சலும் விரைவு அஞ்சலோடு சேர்ந்துவிட்டது. அனுப்பும் செலவு ஏறியிருப்பதால் தனித்தனியாக வாங்காமல் சேர்த்து வாங்குவது நல்லது. முன்பதிவு செய்யும்போது அளவைக் கேளுங்கள்: டெமி என்றால் ஏறக்குறைய 14-க்கு 21.5 சென்டிமீட்டர், கிரவுன் அதைவிடச் சிறியது. படத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். பொட்டலத்தைப் பிரிப்பதைக் காணொளி எடுத்துக்கொள்ளுங்கள். பக்கம் குறைந்தால், இடைவெளியின் இருபுறப் பக்க எண்ணும் தெரிகிற படம், பதிப்பு ஆண்டு உள்ள உள்பக்கப் படம், ரசீது மூன்றையும் பதிப்பகத்துக்கு அனுப்புங்கள். நல்ல பதிப்பகங்கள் கேள்வி கேட்காமல் வேறு பிரதி அனுப்புகின்றன. அனுப்பாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. எழுத்துப் பிழைகளையும் பக்க எண்ணோடு குறித்து அதே பதிப்பகத்துக்கு எழுதிப் போடுங்கள். அடுத்த அச்சுக்கு முன் திருத்துகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.